மூன்று மாதிரி, ஒரே பில்

"மூணையும் ஒண்ணாக் கலந்து பாக்கறதுங்களா? அப்படியொரு டெஸ்ட் எங்க லிஸ்ட்லயே இல்லீங்களே." கோவையில் பி.சி.ஆர். பரிசோதனை செய்யும் தனியார் ஆய்வகம் ஒன்றின் முன்மேசையில் எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். என் மருத்துவர் அந்த ஆய்வகத்தின் மருத்துவரிடம் முன்னதாகவே பேசிச் சம்மதம் பெற்று, சீட்டிலும் தெளிவாக எழுதித் தந்திருந்தார். ஆண்களோடு உறவுள்ள என்னைப் போன்றவர்களுக்குக் கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினைத் தொற்றுகள் தொண்டையிலோ ஆசனவாயிலோ எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கியிருக்கக்கூடும் என்பதால் சிறுநீரை மட்டும் பார்த்தால் போதாது. மூன்று இடங்களையும் தனித்தனியே பார்த்தாலோ மூன்று கட்டணம். திருப்பூர் பனியன் கம்பெனிச் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஒருவருடைய மூன்று மாதிரிகளையும் ஒரே குழாயில் சேர்த்துப் பார்த்தால் ஒரு கட்டணத்தில் முடிந்துவிடும்.

மேசையில் இருந்தவர் இதைப் புதுமோசடி போலப் பார்த்ததுதான் எரிச்சலூட்டியது. மாதிரிகளைக் கலந்து செலவைக் குறைக்கும் யோசனையை அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் டார்ஃப்மன் 1943-லேயே எழுதிவிட்டார்; அதுவும் அமெரிக்கப் படைக்கு ஆள் எடுக்கும்போது சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருப்பவர்களைக் கண்டுபிடிப்பதற்காக. கொரோனா காலத்தில், 2020-இல், தொற்று குறைவாக இருந்த பகுதிகளில் 5 பேர் மாதிரிவரை சேர்த்துப் பார்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அனுமதித்ததும் ஆய்வகக்காரர்களுக்குத் தெரியாததல்ல. கடைசியில் ஆய்வக மருத்துவரே இறங்கி வந்து சொன்ன பிறகுதான் ஒற்றைக் கட்டணத்துக்குப் பில் போட்டார்கள். போகிறவர்கள் அந்த மருத்துவரின் பெயரைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது.

அதன் பிறகும் ஒரு பயணம் வீணாயிற்று. டப்பாவைக் கொடுத்த பணியாளர், "மொதல்ல கொஞ்சம் விட்டுட்டு, நடுவுல வர்றதப் புடிங்க" என்றார். அது சிறுநீரில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கான முறை. இந்தப் பரிசோதனைக்கு முந்தைய ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வருவதையே 20 முதல் 30 மில்லி அளவுக்குப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கத்தான் நான் வந்திருந்தேன். திருப்பூரிலிருந்து காந்திபுரம் வரும் பேருந்தே அந்தக் காத்திருப்புக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அவர் சொன்னபடி எடுத்த மாதிரியைப் பிற்பகலில் உள்ளேயிருந்து நிராகரித்துவிட்டு, இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். தொண்டையிலும் ஆசனவாயிலும் ஸ்வாப் எடுத்ததில் எந்தச் சிக்கலும் இல்லை. பின்னதை நாமே எடுத்துக் கொடுக்கலாம்.

முடிவில் கொனோரியா இல்லை, கிளமிடியா இருந்தது. உடனே முன்மேசையிலிருந்து அழைப்பு வந்தது: "பாசிட்டிவ் வந்தா தனித்தனியாப் பிரிச்சுப் பாக்கோணுமுங்க, மூணுக்கும் பணம் கட்டோணுமுங்க." நான் கட்டாமல் என் மருத்துவரிடம் கேட்டேன். தொந்தரவு எதுவும் இல்லாத கிளமிடியா எந்த இடத்தில் இருந்தாலும் டாக்ஸிசைக்கிளின் என்ற ஆன்டிபயாட்டிக் 100 மில்லிகிராம், தினம் இருவேளை, 7 நாள் என்பதுதான் சிகிச்சை என்பதால் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்றார். கொனோரியாவாக இருந்திருந்தால் கதை வேறு. தொண்டையில் அது எளிதில் போகாது என்பதால், இடத்தைத் தெரிந்துகொண்டு சிகிச்சைக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே மீதி மாதிரிகளைத் தனித்தனியே எடுத்துவைப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மறுபடி பேருந்து ஏற வேண்டியதுதான். பணம் மிச்சமானதைவிட, அந்த அழைப்புக்கு "வேண்டாமுங்க" என்று சொல்ல முடிந்ததுதான் எனக்கு நிம்மதி.

அறிகுறி இருப்பவர்கள் இந்த வழிக்குப் போக வேண்டாம். கலக்கும்போது மாதிரி நீர்த்துப்போவதால், கிருமி குறைவாக இருந்தால் தப்பிவிடவும் கூடும். என் துணைவரும் அதே மாத்திரையைச் சாப்பிட்டார். இருவரும் முடிக்கும்வரை உறவைத் தவிர்த்தோம். சிகிச்சை முடிந்து 4 வாரத்துக்குள் மறுபரிசோதனை செய்தால் செத்த கிருமியின் எச்சமே பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால், 3 மாதம் கழித்துத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் இந்தக் கலவையில் அடங்காது. அவற்றுக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். அதை அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகவே முடித்துக்கொண்டேன். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணில் கேட்கலாம்.