ரெண்டு அர்ரே, ஒரு கழித்தல்

வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்று என் கைக்கு வந்தது. ஒரு அர்ரேயில், அதாவது வரிசையாக அடுக்கிய பட்டியலில், எல்லாருடைய விவரம். இன்னொன்றில் ‘இனி அனுப்பாதீர்கள்’ என்றவர்கள். இவர்களை முதல் அர்ரேயிலிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் வேண்டாம் என்றவர்களில் சிலருக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது.

பழைய கோடில், பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் ஃபார் லூப்புக்குள், உறுப்பை வெட்டி எடுக்கும் ஸ்ப்ளைஸ். 3-ஆம் இடத்தில் இருப்பதை எடுத்ததும் 4-இல் இருந்தது 3-க்கு நகர்ந்துவிடும். லூப்போ 4-க்குப் போய்விடும். நீக்க வேண்டிய இருவர் அடுத்தடுத்து இருந்தால் இரண்டாமவர் தப்பிவிடுவார். சோதனைப் பட்டியலில் அப்படி ஒட்டி நின்றவர்கள் யாரும் இல்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

எல்லோரும் சொல்கிறபடி, வேண்டியவற்றை மட்டும் சலித்தெடுக்கும் ஃபில்டரும், பட்டியலில் ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும் இன்க்ளூட்ஸும் போட்டுப் பார்த்தேன். ஒருவர்கூட நீங்கவில்லை! ஒவ்வொருவர் விவரமும் ஒரு ஆப்ஜெக்ட். இரண்டு ஆப்ஜெக்ட்டுகளின் உள்ளடக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அவை வேறு வேறுதான். ஒப்பிட வேண்டியது ஐடியை, அதாவது ஆளுக்கு ஒன்றான அடையாள எண்ணை. வேண்டாம் என்றவர்களின் ஐடிகளை மட்டும் ஒரு செட்டில் (ஒரே மதிப்பு இருமுறை வராத தொகுப்பு) போட்டு, ஃபில்டருக்குள் ‘ஹேஸ்’ (இது இருக்கிறதா) என்று கேட்டேன். செட் ஏனென்றால், 10,000 பேர் பட்டியலை 2,000 பேர் பட்டியலோடு இன்க்ளூட்ஸ் வைத்து ஒப்பிட்டால் 2 கோடி ஒப்பீடுகள் வரை போகும். செட்டில் ஆளுக்கு ஒருமுறை கேட்டால் போதும்.

அப்போதும் பட்டியல் அசையவில்லை. ஒரு பக்கம் 205 எண்ணாக, மறுபக்கம் சிஎஸ்வி கோப்பிலிருந்து (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) வந்த 205 ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துகளாக. செட் தானாக எதையும் மாற்றிப் பார்க்காது. இரண்டையும் ஸ்ட்ரிங் ஆக்கியதும் சரியாகக் கழிந்தது.

கழிந்தும் திரையில் பழைய எண்ணிக்கையே நின்றது. ஃபில்டர் மூல அர்ரேயைத் தொடாது, புதிதாக ஒன்றைத் தரும். திரையைக் காட்டும் பகுதி பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது. இருக்கிற அர்ரேயையே வெட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பகுதியில் கைவைக்க எனக்கு அனுமதி இல்லை. ஆகவே ஸ்ப்ளைஸுக்கே திரும்பினேன், லூப்பைக் கடைசியிலிருந்து முதலிடம் நோக்கி ஓட்டி. அப்போது நகர்பவை எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவை.

அதே கோப்பில் இன்னோர் இடத்தில், ஒரு உறுப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் இண்டெக்ஸ்ஆஃப் தரும் விடையை அப்படியே ஸ்ப்ளைஸிடம் கொடுத்திருந்தார்கள். தேடியது கிடைக்காவிட்டால் விடை -1. ஸ்ப்ளைஸுக்கு அது கடைசி உறுப்பு. சம்பந்தமே இல்லாத கடைசி ஆள் சத்தமில்லாமல் காணாமல் போவார். அங்கே, விடை -1 என்றால் எதையும் வெட்டாதபடி ஒரு இஃப் சேர்த்தேன்.