மேகத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு

நண்பன் எடுத்த குறும்படத்தில் நான்கு விநாடி ஷாட் ஒன்று. மலைச்சரிவில் நிற்கும் சிறுமி தலைக்கு மேலே பார்க்கிறாள். சின்ன விமானம் ஒன்று மேகத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது. கொடைக்கானலில் படம்பிடித்த அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை. அதனால் மேகத்தையும் விமானத்தையும் கம்ப்யூட்டரில் செய்து, அந்த நீல வானத்தின் மேல் வைக்கும் வேலை எனக்கு வந்தது. விமானம் பழகிய வேலைதான். மேகத்தை வால்யூமாக, அதாவது ஒளி உள்ளே புகும் பொருளாக, ரெண்டர் செய்து (கணக்கிட்டுப் படமாக்கி), பின்னால் வானம் தெரியும்படி ஆல்ஃபாவோடு (ஒவ்வொரு பிக்சலும் பின்னணியை எவ்வளவு மறைக்கிறது என்ற எண்ணோடு) வெளியே எடுத்தது இதுதான் முதல் தடவை. மூன்று வாரம் ஆனது. அதில் பாதிக்கு மேல் மேகத்தின் ஓரங்களுக்கே போய்விட்டது.

மேகத்தின் உருவத்துக்கு நான் மெனக்கெடவில்லை. வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டுடியோஸ் 2018இல் ஒரு மேகத்தை ஓபன்விடிபி (மேகம், புகை போன்றவற்றைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாகப் பொதுவில் கொடுத்தது. முழு அளவோடு, பாதி, கால், எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று குறைத்த வடிவங்களும் அதில் உண்டு. வெளிச்சம் வைத்துப் பார்க்கப் பதினாறில் ஒன்று, கடைசி ரெண்டருக்குக் கால் அளவு என்று முடிவு செய்துகொண்டேன். மென்பொருள் பிளெண்டர் 4.2, ரெண்டர் அதிலேயே இருக்கும் சைக்கிள்ஸில்.

முதல் ரெண்டரில் வந்தது மேகம் இல்லை, லாரிப் புகை. சாம்பல் நிறத்தில், உள்ளே இருட்டாக. காரணம் இரண்டு. ஒன்று, மேகத்தின் தன்மையைத் தீர்மானிக்கும் பிரின்ஸிபிள்ட் வால்யூம் ஷேடரில் நிறம் தானாகவே 0.5 என்று நடுச் சாம்பலில் இருக்கும். மேகத்தில் இருப்பவை மிக நுண்ணிய நீர்த்துளிகள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவை உறிஞ்சுவது அநேகமாக இல்லவே இல்லை, சிதறடிக்க மட்டும் செய்கின்றன. ஆகவே நிறம் 1ஐ ஒட்டி இருக்க வேண்டும். இரண்டாவது காரணம் முக்கியமானது: லைட் பாத்ஸ் பகுதியில் வால்யூம் பவுன்ஸ் (மேகத்துக்குள் ஒளி எத்தனை தடவை திரும்பலாம் என்ற எண்) பூஜ்யமாக இருந்தது. வெயில் மேகத்துக்குள் நுழைந்து, துளிக்குத் துளி எண்ணற்ற தடவை திரும்பித் திரும்பி வெளியே வருவதால்தான் அதற்கு அந்த வெண்மை. ஒரு தடவை சிதறியதோடு கணக்கை நிறுத்தினால் புகைதான் கிடைக்கும். 32 என்று வைத்தேன், ஒரு மாற்றமும் இல்லை போலத் தோன்றியது. அப்புறம்தான் மேலே இருக்கும் மொத்த பவுன்ஸ் 12இலேயே நிற்பதைக் கவனித்தேன். அது தடுத்தால் கீழே எவ்வளவு போட்டாலும் பயனில்லை. இரண்டையும் ஏற்றியதும் மேகம் உள்ளிருந்து வெளுக்க ஆரம்பித்தது. அனைசோட்ரபியை (சிதறும் ஒளி எவ்வளவு முன்னோக்கிப் போகும் என்ற அளவை) 0.7இல் வைத்தேன். உண்மையான மேகத்துக்கு 0.85 அருகே இருக்கும். ஆனால் அவ்வளவு வைத்தால் ஒளி முன்னோக்கியே ஓடி, 32 பவுன்ஸுக்குள் திரும்பி வந்து சேர்வதில்லை.

சூரியனின் திசையைச் சிறுமியின் நிழலை வைத்து எடுத்தேன். ஃபிலிம் பகுதியில் டிரான்ஸ்பேரண்டை டிக் செய்தால், வானத்தின் ஒளி மேகத்தின் மேல் விழுந்துகொண்டே இருக்கும், வானம் மட்டும் படத்தில் வராது. இதுவரை சரி.

ரெண்டர் எழுதிய இஎக்ஸ்ஆர் படக் கோப்புகளை, படங்களை அடுக்கிச் சேர்க்கும் கம்போசிட்டிங் மென்பொருளுக்குக் கொண்டுபோய், நீல வானத்தின் மேல் வைத்து நண்பனுக்கு அனுப்பினேன். ஃபோன் வந்தது. “என்னடா, மேகத்துக்கு மை தீட்டின மாதிரி இருக்கு?”

உண்மைதான். மேகத்தின் விளிம்பு முழுக்க மெல்லிய கறுப்புக் கோடு. பஞ்சுபோலக் கரைய வேண்டிய இடத்தில் அழுக்கு படிந்த மாதிரி. ஆல்ஃபாவை இரண்டு பிக்சல் உள்ளே சுருக்கிப் பார்த்தேன். கோடு குறைந்தது, ஆனால் மேகம் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோல ஆகிவிட்டது. மேகத்துக்கு ஓரம் என்று ஒன்று இல்லவே இல்லை, மெலிந்து மெலிந்து காணாமல் போவதுதான் அதன் ஓரம். அதைச் சுருக்கினால் மேகமே போய்விடும்.

அன்று இரவு விளிம்பில் ஒரு பிக்சலை எடுத்து, பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேகத்தின் பிரகாசம் 0.8 என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிக்சலைப் பாதிதான் மறைக்கிறது, அதாவது ஆல்ஃபா 0.5. பின்னால் வானமும் 0.5. ரெண்டர் எழுதிக் கொடுப்பது 0.8 இல்லை, அதை ஆல்ஃபாவால் பெருக்கிய 0.4. இதுதான் பிரீமல்டிப்ளைட். ஆக, வானத்தில் பாதியான 0.25ஐ அதோடு கூட்டினால் போதும்: 0.65. மேகத்துக்கும் வானத்துக்கும் நடுவில், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கோப்பை உள்ளே எடுக்கும்போது நான் தேர்ந்தெடுத்திருந்ததோ ஸ்ட்ரெய்ட், அதாவது நிறம் இன்னும் ஆல்ஃபாவால் பெருக்கப்படவில்லை என்று. மென்பொருள் அந்த 0.4ஐ மறுபடி ஆல்ஃபாவால் பெருக்கி 0.2 ஆக்கியது. அதோடு 0.25 சேர்ந்தால் 0.45. மேகம் 0.8, வானம் 0.5, இரண்டும் கலக்கும் இடம் மட்டும் இரண்டையும்விட இருட்டு! மை தீட்டியது அந்த இரண்டாவது பெருக்கல்.

ரெண்டர் செய்தபோதெல்லாம் கறுப்புப் பின்னணியில் பார்த்ததால் இது கண்ணில் படவில்லை. கறுப்பின் மேல் வைத்தால் மேகம் கொஞ்சம் மெலிந்து தெரியும், அவ்வளவுதான். இப்போதெல்லாம் ஆல்ஃபாவோடு எது வந்தாலும் முதலில் ஒரு பளிச்சென்ற சிவப்பின் மேல் வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

ஆல்ஃபாவால் பெருக்கி வைப்பது இன்று வந்த பழக்கம் இல்லை. தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984 சிக்ராஃப் கணினி வரைகலை மாநாட்டில் முன்வைத்த முறை அது. இன்று ஒவ்வொரு கம்போசிட்டிங் மென்பொருளிலும் இருக்கும் ‘ஓவர்’ (ஒரு படத்தை இன்னொன்றின் மேல் வைக்கும் கணக்கு) அங்கிருந்து வந்ததுதான். ஆல்ஃபா எதை எவ்வளவு மறைக்கிறது என்று சொல்கிறது, நிறம் எவ்வளவு ஒளி வருகிறது என்று சொல்கிறது. மேகம்போல ஒரே சமயத்தில் மறைக்கவும் ஒளிரவும் செய்கிற பொருளுக்கு இதைவிட நேர்மையான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

கணக்கு பிடிபடுவதற்கு முன்பு, பிஎன்ஜியாக எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னதையும் செய்து பார்த்தேன். பிஎன்ஜி ஸ்ட்ரெய்ட் வகை, ஆகவே கோடு போனது நிஜம். ஆனால் மெல்லிய இழைகளில் படிப்படியாக வரிகள் விழுந்தன. 8 பிட்டில் ஆல்ஃபா 0இலிருந்து 0.02 வரை போவதற்குள் ஐந்தே படிகள்தான் உண்டு, மேகத்தின் அழகோ அந்த 0.02க்குள் இருக்கிறது. தவிர, பிஎன்ஜியில் பிளெண்டரின் ஏஜிஎக்ஸ் டோனும் (திரையில் பார்ப்பதற்கான வெளிச்ச, நிற மாற்றம்) சேர்ந்தே பதிந்துவிடும். அதற்குப் பிறகு வானத்தோடு வெளிச்சத்தைச் சேர்ப்பது கஷ்டம். 16 பிட் இஎக்ஸ்ஆர், லீனியர் (ஒளியின் அளவை அப்படியே வைப்பது), பிரீமல்டிப்ளைட் என்பதற்கே திரும்பி வந்தேன்.

கலர் திருத்தும்போது இன்னொன்று நடந்தது. தூரத்து மேகத்தில் கொஞ்சம் நீலம் ஏற வேண்டும் என்று ஆஃப்செட்டில் (எல்லாப் பிக்சலுக்கும் ஒரே அளவைக் கூட்டும் அமைப்பு) சிறிது நீலம் கூட்டினேன். மேகமே இல்லாத இடத்திலும் நீலம் ஏறி, லேயரை நகர்த்தியபோது செவ்வகமாக ஒரு திரை தெரிந்தது. பெருக்கினால் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும், கூட்டினால் அது பூஜ்யம் இல்லை. ஆல்ஃபாவால் வகுத்து, நிறம் திருத்தி, மறுபடி ஆல்ஃபாவால் பெருக்குவதுதான் வழி.

கடைசியாக விமானம். மேகத்துக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, உள்ளே. ஒரு பிக்சலுக்கு ஒரே ஆல்ஃபா இருந்தால், மேகத்தின் எவ்வளவு பகுதி விமானத்துக்கு முன்னால் இருக்கிறது என்பது அதில் பதியாது. பெரிய ஸ்டுடியோக்கள் இதற்கு டீப் கம்போசிட்டிங் வைத்திருக்கின்றன. அதில் ஒவ்வொரு பிக்சலிலும் பல ஆழங்களின் தகவல் இருக்கும். என்னிடம் அந்த வசதி இல்லாததால் விமானத்தை ஹோல்ட்அவுட் ஆக்கி, மேகத்தைத் தனியாக எடுத்தேன். விமானத்துக்குப் பின்னால் இருக்கும் மேகம் வெட்டுப்பட்டு, முன்னால் இருப்பது மட்டும் நிற்கும். விமானத்தை வானத்தின் மேல் வைத்து, அதன் மேல் இந்த மேகத்தை வைத்தால் சரியாகத்தான் தெரிந்தது, இறக்கையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வரை. அங்கே நூலளவு நீலம். விளிம்புப் பிக்சலில் பாதி விமானம், பாதி மேகம், இரண்டுமாகச் சேர்ந்து முழுப் பிக்சலையும் நிரப்ப வேண்டும். ‘ஓவர்’ அப்படி நினைப்பதில்லை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதாக எடுத்துக்கொண்டு, கால் பங்கு வானத்தை உள்ளே விட்டுவிடுகிறது.

இரண்டு நாள் அந்த நூலோடு மல்லுக்கட்டிவிட்டு, விமானத்தையும் மேகத்தையும் ஒரே லேயராக ரெண்டர் செய்துவிட்டேன். விமானத்தை மட்டும் பின்னால் மாற்றும் வசதி போனது. ஆனால் அதன் நிழல் மேகத்தின் மேல் விழுந்தது, மேகத்தின் வெளிச்சம் இறக்கையின் அடிப்பக்கத்தை நனைத்தது. தனித்தனியாக எடுத்திருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

மொத்தம் 96 ஃபிரேம், ஒன்றுக்குச் சுமார் 22 நிமிடம். ஒன்றரை நாள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முடிந்ததும் நண்பன் வீட்டுக்கே வந்து, ஷாட்டை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தான். விமானம் உள்ளே நுழையும் இடத்தில் நிறுத்தச் சொன்னான். இறக்கையின் நுனி மட்டும் வெயிலில், மீதி வெள்ளைக்குள். அதைச் சுற்றி மேகம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தான்.