எது வந்தால் நிறுத்துவோம்?

"சார், தங்கம் கிடைச்சா நாம சொன்னது சரி. கிடைக்கலைன்னா இன்னும் கீழே போகணும்னு சொல்றீங்க. அப்போ, நாம சொன்னது தப்புன்னு எதை வெச்சுத் தெரிஞ்சுக்கிறது?"

ஜூனியர் ஜியாலஜிஸ்ட் கிண்டலாகக் கேட்கவில்லை. துளையில் வந்த பாறையைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலையைக் காட்டி, "முதல்ல லாகிங்கை முடிப்பா" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

நான் ஆழமாகத் துளையிடச் சொன்னது வெறும் ஆசையால் அல்ல. துளையிலிருந்து எடுத்த உருளைப் பாறையான கோரை நனைத்துப் பார்த்தால், பாறை வெடிப்பை நிரப்பிய குவார்ட்ஸ் வெயினில் மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டி நின்றன, இடையிடையே பொந்துகள். ஒரு காலத்தில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமாக இருந்து, பிறகு குவார்ட்ஸ் புகுந்து உருவத்தை மட்டும் மிச்சம் வைத்த தகடுகள். பாறைக்குள் வெந்நீர் கொதித்ததற்கு நல்ல சாட்சி. கொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதால் கால்சைட் படிகிறது. ஹைட்ரஜன் சல்பைடும் ஆவியோடு போய்விடுவதால், கந்தகத்தோடு சேர்ந்து கரைந்திருந்த தங்கமும் படிந்துவிடுகிறது. வேதியியலும் ஒத்துப்போனது: ஆர்சனிக், ஆன்டிமனி, பாதரசம் மூன்றும் தூக்கல், தங்கம் பெயருக்கு. எந்த ஆழத்தில் எந்த உலோகம் படியும் என்று 1981-இல் புக்கானன் என்ற ஜியாலஜிஸ்ட் வெளியிட்ட மாதிரிப்படி, நாங்கள் நின்றது மேல்மட்டம். தங்கம், வெள்ளி அதற்குக் கீழே. அதற்கும் கீழே ஈயமும் துத்தநாகமும். யாராக இருந்தாலும் கீழே போகத்தான் சொல்லியிருப்பார்கள்.

சொல்லியிருப்பார்களா? கொதித்தது என்பதற்கு மேல் தகடுகள் எதுவும் சொல்வதில்லை. தங்கமே இல்லாத வெந்நீரும் இதே தகடுகளை விட்டுப்போகும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம்தான் இது.

ஆழத் துளையும் போட்டோம். வெயின் எதிர்பார்த்த இடத்திலேயே வந்தது. தகடுகள் இல்லை, சீப்புப் பற்களாக வளர்ந்த பருமனான குவார்ட்ஸ், இடையில் ஈயக் கனிமமான கலீனா, துத்தநாகக் கனிமமான தேன் நிற ஸ்பேலரைட். ஆர்சனிக் இறங்கி, ஈயம் ஏறியிருந்தது. எல்லாம் புக்கானன் மாதிரியில் உள்ளபடியே. தங்கம் மட்டும் மேலே இருந்த அளவுதான்.

அறிக்கையில், "இரு துளைகளுக்கும் இடைப்பட்ட ஆழம் இன்னும் சோதிக்கப்படவில்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். பொய்யில்லை. தங்கம் வெயின் நெடுகிலும் சீராகப் பரவியிருக்காது. சில இடங்களில் மட்டும் செறிந்து கிடக்கும், ஒற்றைத் துளை அதைச் சுலபமாகத் தவறவிடும். ஆனால் உலகத்தில் எந்த வெற்று வெயினுக்கும் இதே வரியை எழுதலாம் என்பதும் உண்மை. அந்த ஜூனியர் கேட்டது அதைத்தானே?

இப்போதெல்லாம் துளைக்கு முன்பே 'எது வந்தால் நிறுத்துவோம்' என்று திட்டத்தில் எழுதச் சொல்கிறேன். அப்புறம் அங்கே என்ன எண் போடுவது என்று கேட்டால் மழுப்புகிறேன். தங்கம் திட்டுத்திட்டாக இருக்கும்போது, அதே கோரின் ஒரு பாதி ஒரு கணக்கும் மறுபாதி வேறு கணக்கும் காட்டும். அதை நம்பி எந்த எண்ணை எழுதுவது? கடைசியில் அந்தக் கட்டத்தில் 'ஜியாலஜிஸ்ட்டின் முடிவுக்கு உட்பட்டது' என்றுதான் எழுதப்படுகிறது.