ரோபோ தலைக்கு ஒருவழியாக மூலை விழுந்தது

சதுரத் தலை ரோபோவின் நான்கு மூலைகளும் இந்த முறை மூலையாகவே அச்சில் வந்துவிட்டன. குழந்தைகளுக்குப் புள்ளிக்கோட்டுத் தாள் செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மற்றவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

தொகுப்பு முழுக்கக் குட்டி ரோபோக்கள்தான். தாளுக்கு ஒரு ரோபோ. அதன் தலையோ வயிறோ மட்டும் புள்ளிக்கோட்டில் இருக்கும், மீதியெல்லாம் கெட்டியான கறுப்புக் கோடு. புள்ளிக்கோட்டின் மேல் வரைந்து முடித்ததும் முழு ரோபோவுக்கும் வண்ணம் தீட்டலாம். உருவம் முழுவதையும் புள்ளிக்கோட்டிலேயே கொடுக்கும் தாள்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பாதியிலேயே கை சலித்துவிடும், அப்புறம் வண்ணம் தீட்ட யார் உட்கார்வார்கள்? சோதித்துப் பார்க்க வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்: 5 வயது மகள், 3 வயதுத் தம்பி மகன்.

ரோபோ என்பது பெட்டி, வட்டம், முக்கோணம், நேர்கோடு. பென்சில் பிடிக்கப் பழகும் கைக்கு வேண்டியதும் அவைதான். பூனைக்குக் காது கோணினால் பூனை கெட்டுவிடும். ரோபோவுக்கு எது கோணினாலும் அது ரோபோதான்.

இனி மூலை விவகாரம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் பெட்டி வரைந்து கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்றினால், அது ஒரு மூலையில் தொடங்கி சிறுகோடு, இடைவெளி, சிறுகோடு என்று சுற்றிக்கொண்டே போகும். மூலை எங்கே வருகிறது என்ற கவலையே அதற்குக் கிடையாது. ஒரு மூலையில் சிறுகோடு அழகாக மடங்கும், அடுத்த மூலையில் சரியாக இடைவெளி வந்து விழும். பெரியவர்களின் கண் அந்த இடைவெளியைத் தானாக நிரப்பிக்கொள்ளும். குழந்தையின் கை நிரப்பாது, எங்கே திரும்புவது என்று தெரியாமல் வளைத்துக்கொண்டு போய்விடும். "இவனுக்கு இந்தப் பக்கம் மூலையே இல்லையேம்மா" என்று மகள் காட்டிய தாளில் உண்மையிலேயே மூலை இல்லை. சந்தா கட்டி வாங்கும் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் சிறுகோடுகளை மூலைக்குப் பொருத்திவைக்க ஒரு பொத்தானே உண்டு. ஆனால் நாலு மூலைக்காகச் சந்தா கட்ட எனக்கு மனசு வரவில்லை.

பெட்டியை நான்கு தனிக்கோடுகளாக உடைத்தும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு பக்கமும் சிறுகோட்டில் தொடங்குகிறது, சரி. முடிகிற இடம் பக்கத்தின் நீளத்தைப் பொறுத்துத் தாறுமாறாகிறது. கடைசியில் கணக்குப் போட உட்கார்ந்த பிறகுதான் வழி பிறந்தது.

ஒரு சிறுகோடும் ஒரு இடைவெளியும் சேர்ந்ததை ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். ஜோடிக்கு 6 மி.மீ. திரையில் தெரியும் கட்டங்களான கிரிட்டையும் 6 மி.மீ. ஆக்கி, கோட்டைத் தானாகக் கட்டத்தில் ஒட்டவைக்கும் ஸ்னாப்பைப் போட்டுவிட்டு, நேர்ப்பக்கங்கள் அத்தனையையும் ஆறின் மடங்காகவே வரைகிறேன். தலை 72க்கு 60. உடம்பு 84க்கு 72. கழுத்து 12. இப்படி வைத்தால் ஒரு மூலையில் சிறுகோட்டின் நடுப்பகுதி விழுந்தால் போதும், மற்ற மூன்றிலும் நடுப்பகுதியேதான் விழும். நான்கு இடத்திலும் சின்னதாக, கச்சிதமாக ஒரு மடிப்பு. அந்த நடுப்பகுதியை வரவழைக்க, புள்ளிக்கோட்டின் தொடக்கத்தை நகர்த்தும் ஆஃப்செட்டைச் சிறுகோட்டின் பாதி நீளத்துக்கு வைக்க வேண்டும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கோடு தொடங்கும் இடமே மூலையாக இருந்தால், அங்கே மட்டும் இரண்டு அரைச் சிறுகோடுகள் வந்து முட்டிக்கொள்ளும். மற்ற மூன்று மூலைகளும் கூராக நிற்க, இது மட்டும் மழுங்கித் தெரியும். அதனால் பெட்டிக் கருவியை நான் தொடுவதே இல்லை. புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுக்கும் பென் டூலை எடுத்து அடிப்பக்கத்தின் நடுவில் தொடங்கி, சுற்றி வந்து அதே இடத்தில் மூடிவிடுகிறேன். 72இல் பாதி 36, அதுவும் ஆறின் மடங்கு. சந்திப்பு நேர்கோட்டுக்கு நடுவில் மறைந்துவிடுகிறது. ஆகவே அடிப்பக்கம் மட்டும் பன்னிரண்டின் மடங்காக இருக்க வேண்டும் என்பது கூடுதல் விதி.

இங்க்ஸ்கேப் மெனுவில் கொடுக்கும் சிறுகோட்டு எண்கள் மில்லிமீட்டர் கிடையாது, கோட்டின் தடிமனைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு. என் கோட்டின் தடிமன் 1.2 மி.மீ. சிறுகோட்டுக்கு 2.5, இடைவெளிக்கு 2.5 என்று கொடுத்தால் 3 மி.மீ.யும் 3 மி.மீ.யும் சேர்ந்து 6 வந்துவிடும். முனைகளை உருண்டையாக வைத்தால் ஒவ்வொரு சிறுகோடும் இரு பக்கமும் அரைத் தடிமன் நீளும். ஆகக் கண்ணுக்குத் தெரிவது 4.2 மி.மீ. கோடு, 1.8 மி.மீ. இடைவெளி. இந்த 1.8 முக்கியம். இடைவெளி பெரிதாக இருந்த பழைய தாள்களில் தம்பி மகன் ஒவ்வொரு சிறுகோட்டையும் தனித்தனியாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் க்ரேயானைத் தூக்கித் தூக்கி வைத்தான். குறுக்கியதும் ஒரே இழுப்பில் போகிறான்.

சாய்ந்த ஆன்டெனாவை என்ன செய்வது என்று யோசித்தபோது பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் கைகொடுத்தார். கிரிட்டில் குறுக்கே 18, மேலே 24 போனால் சாய்வின் நீளம் சரியாக 30. ஐந்து ஜோடி. 45 பாகையில் சாய்த்தால் இந்தக் கணக்கு உதைக்கும். அதனால் என் ரோபோக்களின் ஆன்டெனா எல்லாம் ஒரே சாய்வில்தான் நிற்கும்.

வட்டத்துக்கு இன்னும் சுகமான வழி. சுற்றளவுக்கு 22/7 என்று படித்தோமே, அதை வைத்து 21 மி.மீ. விட்டமுள்ள வட்டம் போட்டால் சுற்றளவு 66. பதினொரு ஜோடி, மீதி இல்லை. உண்மையான அளவு 65.97தான் என்றாலும் அந்த 0.03 மி.மீ.யை எந்தப் பிரிண்டரும் காட்டாது. கண்கள் 21, வயிற்றில் இருக்கும் டயல் 42, மூன்று வயதுக்காரனுக்கான உருண்டைத் தலை 63. எல்லாமே கச்சிதமாக மூடுகின்றன. இதைக் கண்டுபிடித்ததும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

உருண்டைத் தலை ஏன் என்றால், குழந்தைகளின் கை வடிவங்களைப் பழகும் வரிசை அப்படி. நெடுங்கோடும் படுக்கைக்கோடும் முதலில் வரும். பொதுவாக மூன்று வயதை ஒட்டி வட்டம், நான்கை ஒட்டிச் சதுரம், ஐந்தை ஒட்டி முக்கோணம். சாய்சதுரம் அதற்கும் பிறகுதான். மூன்று வயதுக் குழந்தைக்குக் கூரான மூலையைக் கொடுத்துவிட்டு அது வளைகிறது என்று முகம் சுளிப்பதில் அர்த்தமில்லை. இருவருக்கும் தனித்தனித் தாளாகப் பிரித்ததும் அழுகை நின்றது.

தொடங்கும் இடத்தைக் காட்ட அம்புக்குறி போடுவது வழக்கம். எனக்கு அது நெரிசலாகத் தெரிந்தது. ரோபோதானே, தொடங்கும் இடத்தில் ஒரு திருகின் தலையை வரைந்துவிட்டேன், நடுவில் ஒரு கீறலோடு. "திருகிலிருந்து கிளம்பு" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்கிறார்கள்.

அச்சு வேலை வேறொரு தலைவலி. புள்ளிக்கோடு சாம்பல் நிறத்தில் இருந்தால்தான் மேலே போட்ட க்ரேயான் தெரியும். கறுப்பு லேசர் பிரிண்டருக்குச் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது, பொடிப்பொடிக் கறுப்புப் புள்ளிகளைப் பரப்பித்தான் அது சாம்பல் போலக் காட்டும். மெல்லிய கோட்டில் அந்தப் புள்ளிகள் கரடுமுரடாக, அரித்தது போலத் தெரியும். 1.2 மி.மீ.க்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இங்க்ஜெட்டில் கோடு வழுவழுப்பாக வருகிறது, ஆனால் பல இங்க்ஜெட் மைகள் தண்ணீரில் கரையும் சாயம். மேலே ஸ்கெட்ச் பென் பட்டதும் ரோபோவின் முகம் கலங்கிவிடும். லேசரின் டோனர் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பொடி, ஸ்கெட்ச் பென்னுக்கெல்லாம் அசையாது. வண்ணம் தீட்டும் தாளுக்கு லேசர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

காகிதம் பற்றியும் புலம்பிவிடுகிறேன். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) தாளில் ஸ்கெட்ச் பென் பின்பக்கம் ஊறிவிடுகிறது என்று 100 ஜிஎஸ்எம் கட்டு ஒன்றை இணையத்தில் வரவழைத்தேன். கையில் எடுத்ததுமே சந்தேகம். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 16 ஏ4 தாள்களைத் தராசில் வைத்தால் காட்டும் கிராம் கணக்குதான் அந்தத் தாளின் ஜிஎஸ்எம். வைத்தேன், 82 காட்டியது. விற்றவரிடம் கேட்டதற்குத் தராசு சரியில்லையாம்! கட்டைப் பிரித்ததும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.

லேமினேட் செய்து அழித்து அழித்து எழுதலாமே என்று எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். செய்தும் பார்த்தேன். வழுக்குகிறது. காகிதத்தில் க்ரேயான் உரசும்போது கைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது, பிளாஸ்டிக்கில் மார்க்கர் தன் பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டு போகிறது. கோட்டைவிட்டு விலகாமல் இருக்கப் பழக்குவதற்குத்தானே இத்தனை பாடு.

முகத்துக்கு வருவோம். முதலில் வரைந்த ரோபோக்கள் எல்லாம் வரி வசூலிக்க வந்த அதிகாரி போல விறைப்பாக இருந்தன. விலங்கியலாளர் கான்ராட் லோரென்ஸ் 1943இல் எழுதியது நினைவுக்கு வந்தது: பெரிய தலை, உயர்ந்த நெற்றி, முகத்தில் தாழ்ந்து அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம். இவற்றைப் பார்த்தால் நமக்குக் குழந்தை என்று தோன்றி மனசு இளகுமாம். கண்களை நடுக்கோட்டிலிருந்து சற்று இறக்கி வைத்தேன், அவ்வளவுதான், ஆளே மாறிவிட்டான். வாய் சின்ன வளைவு. கன்னத்துக்கு இரண்டு வட்ட விளக்கு.

வண்ணம் தீட்டும் பகுதி இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. வயிற்றில் போட்டிருந்த பற்சக்கரங்களை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பல்லும் 4 மி.மீ., அதற்குள் க்ரேயான் முனை நுழையாது. குறைந்தது 12 மி.மீ. அகலமாவது இல்லாத கட்டங்களை எல்லாம் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குள் மனசு அடுத்ததற்குத் தாவிவிட்டது: தமிழ் எழுத்து ரோபோக்கள். ட, ப இரண்டும் வெறும் நேர்கோடுகள், என் 6 மி.மீ. கிரிட்டுக்கென்றே பிறந்தவை. ப-வைத் திறந்த பெட்டியாக, ரோபோவின் உடம்பாகவே வைத்துவிடலாம். ட-வை மடக்கிய கையாக்கலாம். மற்ற எழுத்துகளுக்குத்தான் பாடு. சாதாரண எழுத்துருவைப் புள்ளிக்கோடாக்கினால் எழுத்தின் இரு ஓரங்களும் புள்ளிக்கோடாகி இரட்டைத் தடமாக வந்து நிற்கும். நடுவில் ஒற்றைக் கோடுதான் வேண்டும். இங்க்ஸ்கேப்பில் ஹெர்ஷி என்ற ஒற்றைக்கோட்டு எழுத்துரு வசதி இருக்கிறது, அதில் தமிழ் இல்லை. ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் பென் டூலால் நானே இழுக்க வேண்டியதுதான். ண-வின் சுழிகளை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது.

சுழி என்றதும் ஸ்பிரிங் கை ஞாபகம் வருகிறது. 22/7 தந்திரம் முழு வட்டத்துக்குத்தான் செல்லுபடியாகிறது, சுருளுக்கு இல்லை. சுருளின் நீளத்தைத் தனியாக அளந்து ஜோடிகளால் வகுத்தால் முனைகள் பொருந்துகின்றன, ஆனால் சுற்றுகள் நெருங்கும் இடத்தில் ஒன்றின் இடைவெளி அடுத்ததன் சிறுகோட்டோடு சேர்ந்து கண்ணைக் குழப்புகிறது. இந்தத் தொகுப்புக்கு நேரான குழாய்க் கையே போதும். 48 மி.மீ., எட்டு ஜோடி.