சி.எல்.பி.: ஒரு தாளில் தவறியவளின் குறிப்புகள்

மலேசியாவில் வழக்கறிஞராக எழுத வேண்டிய சி.எல்.பி. தேர்வின் முடிவு போன வாரம் வந்தது. தேறிவிட்டேன். சுங்கை சிப்புட் டவுனில் மளிகைக்கடை வாசலில் நின்றபடி கைப்பேசியில் பார்த்தேன். வாங்க வந்த பருப்பை வாங்காமலே வீடு திரும்பினேன்.

சென்ற முறை எனக்குக் கிடைத்தது நிபந்தனைத் தேர்ச்சி, அதாவது தவறிய ஒரு தாளை மட்டும் மறுபடி எழுத வேண்டும். நான்கு தாள்கள் கைகொடுத்தன. சிவில் நடைமுறை காலை வாரியது. இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்த ஒரு தாள் கற்றுத்தந்ததைப் பற்றித்தான். தாள்களின் அமைப்புக்குள் போகவில்லை.

முதல் முறை நான் படிக்காமல் தவறவில்லை. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளை நான்கு வண்ணங்களில் கோடிட்டு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் அளவுக்கு உருப்போட்டிருந்தேன். ஆர்டர் 14 கேள்வி வந்ததும் உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். சரக்குக் கொடுத்த வியாபாரிக்குப் பணம் வரவில்லை. வாங்கியவர் ஏதோ சாக்குச் சொல்கிறார். முழு விசாரணை இல்லாமல் தீர்ப்புப் பெற முடியுமா? எனக்குத் தெரிந்த அத்தனையையும் கொட்டினேன். பிரமாணப் பத்திரம், கால வரம்பு, வழக்குப் பெயர்கள், எதிர்த்தரப்பு ஆஜரான பிறகே மனுச் செய்யலாம் என்ற விதி, எல்லாம் இருந்தன. தேர்வு மண்டபத்தை விட்டு வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: அந்தச் சாக்கு விசாரிக்கத் தக்கதா, வியாபாரிக்குத் தீர்ப்புக் கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. அந்தப் பதிலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போயிருந்தது. கடைசிக் கேள்விக்கு மிஞ்சியது 11 நிமிடம்.

கோலாலம்பூரில் நான் படித்த வகுப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். எந்தக் கேள்வி வரும் என்று ஊகிப்பதிலேயே கடைசி மாதம் கழிந்தது. ஊகித்தவற்றில் பாதி வரவில்லை. கட்டணத்துக்காக அம்மா அடகு வைத்த சங்கிலியும் இன்னும் வரவில்லை.

மறுதேர்வுக்கு வகுப்புக்குப் போகப் பணமில்லை. வீட்டிலேயே இருந்தேன். அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துப் பெயர்ப்பதிவுக்கு, போய்விட்டு மதியத்துக்குமேல் திரும்புவார். ஒரு மாலை, கீரை ஆய்ந்துகொண்டே, "என்ன முணுமுணுக்கிறாய்? எனக்கும் சொல்" என்றார். விளையாட்டாகத்தான் தொடங்கினேன். சான்றுச் சட்டம் 27ஆம் பிரிவு. பிடிபட்டவன் போலீசிடம், "குத்திய கத்தியைக் கூரையில் ஒளித்திருக்கிறேன்" என்கிறான். கத்தி அங்கேயே கிடைக்கிறது. எவ்வளவு சான்றாகும்? ஒளித்த இடத்தைச் சொன்னது மட்டும்தான். "குத்தினேன்" என்ற பகுதி சேராது. 1947இல் பிரிட்டிஷ் பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் புலுகூரி கோட்டையா வழக்கில் சொன்னது இது. அம்மா கொஞ்சம் யோசித்தார். "அதெல்லாம் சரி. கடைசியில் அவன் தப்பிப்பானா, மாட்டானா?"

இந்த ஒரு கேள்விதான் என்னைத் தேர்வில் தேற்றியது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் இரவுதோறும் ஒரு பிரச்சினையைத் தமிழில் சொல்வேன். நான் நடைமுறையை அடுக்குவேன், அவர் "கடைசியில்?" என்பார். ஒரு நாள், தாள் எனக்கு இனித் தேவையில்லை என்றாலும், நிலச் சட்டத்தைச் சொன்னேன். வீட்டில் தாத்தாவின் தகரப்பெட்டியில் தோட்டத் தொழிலாளர்கள் பணம் சேர்த்து நிலம் வாங்கிய, துன் சம்பந்தனின் கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம் இன்னும் இருக்கிறது. நிலம் என்றால் அம்மாவுக்குக் காது நீளும். பினாங்கில் தாய்லாந்துப் பெண் ஒருவரின் நிலத்தை ஆள்மாறாட்டம் செய்து விற்றுவிட்டார்கள். 2000இல் கூட்டரசு நீதிமன்றம் வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் என்றது. தேசிய நிலச் சட்டத்தின் 340ஆம் பிரிவை அப்படிப் படித்தது தவறு என்று அதே நீதிமன்றம் 2010இல் வேறொரு வழக்கில் ஒப்புக்கொண்டது. "அந்த அம்மாளுக்கு நிலம் திரும்பிவிட்டதா?" இல்லை என்றேன். அம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வழக்கை இனி என்னால் மறக்க முடியாது.

மறுதேர்வில் நான் செய்தவை:

- பதிலின் முதல் வரியிலேயே முடிவு. "வாதிக்குத் தீர்ப்புக் கிடைக்க வாய்ப்பில்லை, ஏனென்றால்..." என்று தொடங்கினேன். காரணங்கள் பிறகு தாமாக வந்தன.
- கைக்கடிகாரத்தை மேசையில் வைத்தேன். ஒரு கேள்விக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தால் பாதி வாக்கியத்திலும் நிறுத்தினேன்.
- நாள் கணக்குகளைச் சுவரில் ஒட்டினேன். ஆஜராக 14 நாள். வழக்கைத் தொடங்கும் ரிட்டின் ஆயுள் 6 மாதம். எதிர்த்தரப்பில்லாமல் வாங்கிய தடையுத்தரவுக்கு 21 நாள்.
- வண்ணப் பேனாக்களைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன்.

கூட்டமாகப் படிப்பவர்களுக்கு என் முறை ஒத்துவராது. எனக்கு நான்கு பேர் சேர்ந்தாலே வாய் அடைத்துவிடும்.

தேர்வோடு இது முடியவில்லை. இரு தேர்வுகளுக்கும் இடையில் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஒரு முதியவர் நில அலுவலகக் கடிதத்தோடு வந்தார். 6ஏ படிவம், நிலவரி பாக்கி. கட்டாவிட்டால் நிலம் அரசுக்குப் போகும் என்பதில் தொடங்கிப் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எவ்வளவு கட்ட வேண்டும் பாப்பா? எந்தத் தேதிக்குள்?" என்றார். இரண்டும் கடிதத்திலேயே இருந்தன. மூன்று மாத அவகாசமும் இருந்தது. அவர் கேட்க வந்தது அவ்வளவுதான். நான் அவரைப் பயமுறுத்தியதுதான் மிச்சம்.

வணிகம் படித்து நிறுவனங்களில் சேர்ந்திருக்கும் என் தோழிகளும் இதையே சொல்கிறார்கள். மேலாளருக்கு இருபது பக்க அறிக்கை அனுப்பினால், "அப்படியானால் வாங்கலாமா, வேண்டாமா?" என்று ஒரு வரி திரும்பி வருகிறதாம்.

சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞரிடம் (மாஸ்டரிடம்) பெறும் பயிற்சி, தேடுபவர்களுக்குச் சில:

உங்கள் மாஸ்டருக்கு ஏழு ஆண்டு அனுபவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலாய் மொழித் தகுதிக்கான காகிதத்தை இன்றே தேடி எடுங்கள். வழக்கறிஞராகச் சேரும் மனு அதில்தான் சிக்கும். நேர்காணலில் தவறிய தாளை மறைக்காதீர்கள். என்னிடம் கேட்டார்கள், ஏன் தவறினேன் என்று மேலே எழுதியதையே நான்கு வாக்கியத்தில் சொன்னேன். பெரிய நிறுவனமா சிறியதா என்று என்னிடம் கேட்டால் சிறியது என்றுதான் சொல்வேன், அங்கே முதல் வாரமே கட்சிக்காரரின் முகத்தைப் பார்க்கலாம். கோலாலம்பூர்க்காரர்கள் இதற்குச் சிரிப்பார்கள்.

அடுத்த மாதம் ஈப்போவில் தொடங்குகிறேன். அலவன்ஸ் எவ்வளவு என்று சொன்னதும் அம்மா பஸ் டிக்கெட்டைக் கழித்தார், சாப்பாட்டைக் கழித்தார், அடகுக்கடை வட்டியையும் கழித்தார். ஒன்பது மாதப் பயிற்சி முடிவதற்குள் சங்கிலி வருமா என்று இருவரும் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.