யாரை நம்பி அனுப்புவது?

பிப்ரவரி 20, வெள்ளி

பாலியல் தொழிலில் இருப்பவர்களுக்குக் கைகொடுக்கும் இடங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டேன். உடம்புக்கு முடியாவிட்டால் எங்கே போவது, அடித்தால் யாரைக் கூப்பிடுவது, போலீஸ் பிடித்தால் எந்த வக்கீல், வேலை இல்லாத மாதத்தில் யார் உதவுவார்கள் என்று எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். பழைய பட்டியல்கள் சில கிடைத்தன. பாதி எண்கள் உயிரோடு இல்லை.

அக்காவிடம் காட்டினேன். பல வருடம் தொழிலில் இருந்தவர், இப்போது களப்பணி செய்கிறார். "நம்பர் சேர்க்கிறது பெரிய விஷயமில்ல. நீ சொன்னேன்னு நம்பிப் போறவளை அங்க கேவலமா பேசிட்டா, அப்புறம் அவ காய்ச்சலுக்குக்கூட ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க மாட்டா" என்றார். பேசிப் பார்க்காமல் ஒரு எண்ணையும் சேர்ப்பதில்லை என்று அப்போதே முடிவாயிற்று.

பிப்ரவரி 23, திங்கள்

கிளினிக்குகளுக்குப் போன் செய்தேன். ஒரு இடத்தில் எடுத்த பெண் முதலில் கேட்டது, "பேஷன்ட்டுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" பாலியல் தொழிலாளி என்று சொன்னதும் போனைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு, டாக்டர் லீவு என்றார். அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். என்ன கருவி, எத்தனை பெரிய டாக்டர் இருந்தாலும் அங்கே யாரையும் அனுப்ப மாட்டேன்.

இன்னொரு இடத்தில் பேசியவர் தொழிலைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. "அவங்க என்ன பேர் சொல்றாங்களோ அந்தப் பேர்ல கார்டு போட்டுக்கலாம். சம்மதம் இல்லாம எந்த டெஸ்ட்டும் எடுக்க மாட்டோம்" என்றார். தொண்டையிலும் ஆசனவாயிலும் சாம்பிள் எடுப்பீர்களா என்று கேட்டேன். எடுப்போம் என்றார். இந்தக் கேள்வியை விடவே கூடாது. கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுகள் இரண்டும் அந்த இடங்களில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். சிறுநீரை மட்டும் சோதித்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்று அனுப்பினால் நோய் உள்ளேயே தங்கிவிடும். எச்.ஐ.வி. வராமல் தடுக்க முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரை, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை மூன்றும் அங்கே உண்டு. பட்டியலில் முதல் பெயர் அதுதான்.

பிப்ரவரி 25, புதன்

நேற்று ராத்திரி அக்காவுக்கு ஒரு பெண்ணிடமிருந்து அழைப்பு. அவளிடம் வந்த வாடிக்கையாளன் பலவந்தமாக ஆணுறையைக் கழற்றிவிட்டான். அந்தப் பெண் அழுதுகொண்டே, வாரக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றிருக்கிறாள். அக்கா விடவில்லை, விடிவதற்குள் அழைத்துப் போய்விட்டார்.

இப்படி ஆபத்து நேர்ந்த பிறகு எச்.ஐ.வி. தொற்று ஏற்படாமல் தடுக்கும் பெப் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 5 நாள் வரை அவகாசம் உண்டு, ஆனால் அதிலும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று நிதானமாக யோசிக்கலாம், மருந்துக்கு அந்த நிதானம் கிடையாது. முடிந்தால் போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்தால், பின்னால் வழக்குக்கு உதவும்.

பட்டியலின் உச்சியில் 72 என்று பெரிதாக எழுதி, ராத்திரியிலும் பெப் கொடுக்கும் இடங்களை அதன் கீழே போட்டுவிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

இன்று பாலியல் தொழிலாளர் உரிமை நாள். 2001ல் கொல்கத்தாவில் கூடிய திருவிழாவிலிருந்து வந்தது இந்த நாள். அனுமதியை ரத்து செய்யச் சொல்லி எதிர்ப்பு வந்தும் 25,000க்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள். நடத்தியது துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற பாலியல் தொழிலாளர் அமைப்பு. அதற்கு முன்பே, 1992ல், டாக்டர் ஸ்மரஜித் ஜானா கொல்கத்தாவில் இந்தத் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் எச்.ஐ.வி. தடுப்பு வேலையைத் தொடங்கியபோது, தொழிலில் இருந்த பெண்களையே பயிற்சி கொடுத்துக் களத்தில் இறக்கினார். அவர்களுக்கென உஷா என்ற கூட்டுறவுச் சங்கமும் 1995ல் வந்தது. சேமிக்கவும், கந்துவட்டிக்காரனிடம் போகாமல் கடன் வாங்கவும் வழி கிடைத்தது.

ஆணுறை போடச் சொல்வது சுலபம். நாளைக்கு வட்டி கட்ட வேண்டியவளால், ஆணுறை வேண்டாம் என்கிற ஆளைத் திருப்பி அனுப்ப முடியுமா? சேமிப்புக் குழுக்களையும் மருத்துவப் பக்கத்திலேயே சேர்க்கப் போகிறேன். அக்காவுக்கு இதில் ரொம்ப சந்தோஷம்.

மார்ச் 6, வெள்ளி

பாதுகாப்பு பற்றிப் பேச நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் ஏற்கெனவே அவர்கள் செய்வதுதான்: போகுமிடத்தைத் தோழியிடம் சொல்லிவிட்டுப் போவது, வண்டி எண்ணை அனுப்புவது, குறிப்பிட்ட நேரத்தில் போன் வராவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைப்பது. ஒரு திருநங்கை சொன்னார்: "நான் போன்ல 'மாத்திரை சாப்பிட்டியா'ன்னு கேட்டா ஆபத்துன்னு அர்த்தம். கூட இருக்கிறவனுக்குச் சந்தேகமே வராது."

மோசமான ஆட்களைப் பற்றி ஒருவரையொருவர் எச்சரிக்கும் 'அக்லி மக்ஸ்' முறை 1986ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தொடங்கியது. பிரிட்டனில் 2012லிருந்து நாடு முழுக்க ஒரு அமைப்பாகவே நடக்கிறது. தகவல் கொடுப்பவர் போலீசுக்குப் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. இங்கே இருப்பவர்களுக்குள்ளும் அப்படி ஒரு குழு வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

ஒரு விடுதியில் தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு. ஆனால் தொழிலை விடுவதாக எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்களாம். வெளியேற விரும்புகிறவர்களுக்கு உதவி கட்டாயம் வேண்டும், அது தனிப் பகுதியாகவே பட்டியலில் இருக்கிறது. அடிபட்டு நடு ராத்திரியில் கதவைத் தட்டுகிறவளிடம் கையெழுத்து கேட்பதை மட்டும் என்னால் உதவி என்று ஏற்க முடியவில்லை. சேர்க்கவில்லை.

சட்டப் பக்கத்துக்கு ஒரு வக்கீல் உதவினார். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. நியூசிலாந்து 2003லேயே இந்தத் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2014ல் அங்கே ஒரு பாலியல் தொழிலாளி, பாலியல் தொழில் விடுதி நடத்துபவர் கொடுத்த பாலியல் தொல்லைக்கு எதிராக முறையிட்டு இழப்பீடு பெற்றார். இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று பிறப்பித்த உத்தரவில், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்றும், பாலியல் வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மற்றவர்களைப் போலவே உடனடி மருத்துவ உதவி தர வேண்டும் என்றும் இருக்கிறது. போலீசுக்குப் பயந்து ஆணுறையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடியவர்களை அக்காவுக்குத் தெரியும். அதனால் இந்த வரிகளைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

மார்ச் 14, சனி

முதல் பிரதி தயார். வெளிப்பக்கத்தில் தொழிலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, வீட்டில் யார் கையில் கிடைத்தாலும் சாதாரண மருத்துவக் கையேடு போலத்தான் இருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்காக அக்கா குரலில் பதிவும் செய்துவிட்டோம்.

வாங்கிப் பார்த்த ஒரு பெண் உடனே கேட்டாள்: "இதுல பாதி காலையிலதான் திறக்குது. நாங்க தூங்கி எழறதே மதியம். சாயங்காலம் யாரு இருக்காங்க?" சாயங்கால நேரம் உள்ள இடங்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். திங்கட்கிழமை எல்லோருக்கும் மறுபடி போன் செய்து நேரம் கேட்கிறேன். பட்டியலில் முதலில் சேர்த்த அந்தக் கிளினிக்கிடம், வாரத்தில் ஒரு நாளாவது இரவு எட்டு வரை திறந்து வைக்க முடியுமா என்றும் கேட்கப் போகிறேன்.