காலிபோல வந்த குப்பி

மார்ச் 4
ஈஜிஎஃப் வந்து சேர்ந்தது. முழுப்பெயர் மேல்தோல் வளர்ச்சிக் காரணி, செல்லை வளரச் சொல்லும் புரதம். அது வரும் சின்னக் கண்ணாடிப் புட்டியை ஆய்வகத்தில் எல்லோரும் 'வயல்' (vial) என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை எழுத்தில் பார்த்தால் எனக்கு நெல்தான் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் குப்பி என்றே எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்த பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, காலியா அனுப்பிட்டாங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருப்பது 100 மைக்ரோகிராம், பொடியுப்பில் ஓரிரு துகள் எடை. உறைய வைத்து உலர்த்தியதால் கண்ணாடியோடு கண்ணாடியாகப் படிந்திருக்கும்.

மனித மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்ய வைத்த புரதம். 53 அமினோ அமிலங்கள்தான், ஆனால் மூன்று கந்தகப் பிணைப்புகளும் சரியான ஜோடியில் விழுந்து மடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் செல்லின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் போய் உட்காராது. லேபிளில் வழக்கம்போல 'ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்'.

மார்ச் 5
திறப்பதற்கு முன் குப்பியை மையவிலக்குக் கருவியில் ஒரு நிமிடம் சுழற்றி எடுத்தேன். மூடியில் ஒட்டியிருப்பதும் காசுதானே. 1 மி.லி. திரவம் விட்டு, குலுக்காமல், பத்து நிமிடம் சும்மா வைத்தேன். பிறகு 20 மைக்ரோலிட்டர் வீதம் 50 டியூப். கட்டைவிரல் வலிக்கிறது. ஒருமுறை உருக்கியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

மார்ச் 6
ஹீலா செல்களை (ஆய்வகத்தில் வளரும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) சீரம், அதாவது ரத்தத் தெளிநீர், இல்லாத வளர்ப்புத் திரவமான மீடியத்தில் பட்டினி போட்டாயிற்று. சீரத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் இருப்பதால், இதைச் செய்யாவிட்டால் நாம் கொடுத்தது எது, ஏற்கனவே இருந்தது எது என்று தெரியாது. நாளைக்கு வேண்டிய நீர்த்த ஈஜிஎஃப் கரைசலையும் இன்றே பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். முன்யோசனையாம்!

காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பெண்ணிடம் ஈஜிஎஃப்பைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹன் கதையைச் சொன்னேன். ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குப் போட்டபோது, அவற்றின் கண் வழக்கத்தைவிடச் சில நாள் முன்பே திறந்தது, பல்லும் சீக்கிரம் முளைத்தது. அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்து 1962இல் எழுதினார். 1986இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு நோபல். குட்டி கண் விழித்ததை ஒருவர் பார்த்ததில் தொடங்கியிருக்கிறது இத்தனையும்.

மார்ச் 7
செல்களுக்கு ஈஜிஎஃப் கொடுத்து 0, 5, 15, 30, 60 நிமிடங்கள். மி.லி.க்கு 5 நானோகிராம். ஈஜிஎஃப் ஒட்டினால் ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றிக்கொள்ளும். செய்தி செல்லுக்குள் ராஸ், ராஃப், மெக் என்ற புரதங்கள் வழியாக எர்க் என்ற புரதம் வரை போகும். ஐந்து நிமிடத்திலேயே பாஸ்பேட் ஏறிய எர்க் பளிச்சென்று தெரிய வேண்டும். புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் ப்ளாட்டில் வந்தது துடைத்த கரும்பலகையில் மிஞ்சிய சாக்பீஸ் கோடு மாதிரி ஒன்று.

மார்ச் 10
அதே நீர்த்த டியூபை வைத்து இன்னொரு முறை. இப்போது அந்தக் கோடும் இல்லை. ஆன்டிபாடி மேல் பழி போடலாம் என்று பார்த்தால், 10% சீரம் கொடுத்த கிணற்றில் (செல் வளர்க்கும் தட்டின் குழி) பட்டை கன்னங்கரேல் என்று நிற்கிறது. பாஸ்பேட் ஏறியதும் ஏறாததும் சேர்ந்த மொத்த எர்க்கும் எல்லாக் கிணற்றிலும் சமம். அப்படியானால் செல் சரி, ஆன்டிபாடி சரி. கோளாறு நான் ஊற்றியதில்.

சாயங்காலம்தான் உறைத்தது. வெறும் பிபிஎஸ்! மி.லி.க்கு 100 நானோகிராம் என்று நீர்த்துப்போன புரதத்தைத் துணைப் புரதம் எதுவும் இல்லாமல் இரவெல்லாம் பிளாஸ்டிக்கில் வைத்தால், அது டியூபின் சுவரில்தான் ஒட்டும். 0.1% பிஎஸ்ஏ (மாட்டு சீரத்தின் அல்புமின் புரதம்) இருந்திருந்தால் சுவரை அது பிடித்துக்கொண்டு, ஈஜிஎஃப்பைக் கரைசலில் விட்டிருக்கும். குப்பியோடு வந்த தாளில் இது தெளிவாக எழுதியிருக்கிறது. தாளை நான்தான் ஃபைல் செய்தேன்.

மார்ச் 12
புது டியூப். பிஎஸ்ஏ கலந்த மீடியத்தில் கலந்த கையோடு செல்லுக்குக் கொடுத்தேன். திரையில் படம் ஏறியபோது மூச்சுவிடவில்லை. 5 நிமிடத் தடத்தில் 42, 44 கிலோடால்டனில் ஜோடிப் பட்டை, மை கொட்டியது போல. 15இலும் நன்றாக இருக்கிறது. 60க்குள் மங்கிவிட்டது. அது கோளாறு இல்லை, தூண்டப்பட்ட ஏற்பியைச் செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. 0 நிமிடத் தடம் சுத்தம். அந்தச் சுத்தத்தைப் பார்க்கத்தான் எனக்கு அதிக சந்தோஷம்.

மார்ச் 13
பக்கத்து மேசைக்காரர் நம் டியூப் ஒன்றை வாங்கிப் போய், "உன் ஈஜிஎஃப் செல்லை வளர்க்கலை, அடக்குது" என்று சண்டைக்கு வந்தார். என்ன செல் என்று கேட்டேன். ஏ431 என்ற புற்றுநோய்ச் செல். அதில் ஈஜிஎஃப் ஏற்பி அளவுக்கு மீறிக் கிடக்கும், ஈஜிஎஃப் கூடுதலாகப் போனால் வளர்ச்சி குறையும், பல பேர் பார்த்ததுதான். அளவைக் குறைத்துப் பாருங்கள் என்றேன். நம்பாமல்தான் போனார்.

மிச்சம் 47. ஃப்ரீசர் பெட்டி மூடியில் 'பிஎஸ்ஏ இல்லாமல் தொடாதே' என்று அந்தப் பெண் எழுதி வைத்திருக்கிறாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.